கட்டிலும் சோறும் தந்த கல்வி: கலாநிதி கன்னங்கராவின் வாழ்வும் நாமும்

எமது பாடசாலையில் படித்த காலத்தில் மாதக் கட்டணம் என்ற ஒன்றை நாம் அறிந்ததில்லை. வருட ஆரம்பத்தில் வசதிகள் கட்டணமாக ஒரு சிறு தொகை, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நிறத்துணி, கலைவிழாவுக்கு ஏதோ கொஞ்சம், அவ்வளவுதான். பாடப்புத்தகத்தை அரசாங்கம் தந்தது. சீருடைத் துணியையும் பின்னர் அரசாங்கமே தந்தது. எம்மில் சிலர் பல்கலைக்கழகம் சென்று ஐந்து வருடம் மருத்துவம் படித்தோம். அங்கும் விரிவுரைக்கென்று கட்டணம் கட்டவில்லை. இன்று இலண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பேர்னிலும் வாழும் எமது தோழியர், பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்புக்காகப் பிள்ளை பிறந்த நாள் முதலே பணம் சேர்ப்பதையும், போதாமல் கடன் எடுப்பதையும் தொலைபேசியில் சொல்லும்போதுதான், நாம் எதைச் சும்மா பெற்றோம் என்பது எமக்கு உறைக்கிறது.

அது சும்மா வந்ததல்ல. எமது சங்கம் தொடங்கப்பட்ட நூறு ஆண்டுகளுக்கு முன், இந்தப் பாடசாலையிலும் கட்டணம் கட்டியவர்களே படித்தார்கள். ரயில் பாதை 1924 இல் பதுளையை வந்தடைந்த காலம் அது. இலிகிதர், கடைக்காரர், ரயில்வே உத்தியோகத்தர், பெரிய கங்காணி வீட்டுப் பெண்பிள்ளைகள் வந்தார்கள். கொழுந்து பறிக்கும் தாயின் மகள் இந்த வாசற்படியை மிதித்திருப்பாளா என்பது ஐயமே. அந்த வாசலை முதலில் அகலத் திறந்தவர் கலாநிதி சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. எமது வரவுப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. ஆனாலும் இந்த மலரில் அவருடைய வாழ்வைச் சொல்வது பொருத்தம் என்று நினைத்தோம். அவர் பெயரைச் சமூகக்கல்விப் புத்தகத்தில் பாடமாக்கிப் பரீட்சை எழுதியவர்கள் நாம். அந்த மனிதர் எப்படிப் படித்தார், அவருடைய படிப்புக்கு யார் செலவழித்தார்கள் என்பதை அன்று நாம் கேட்கவில்லை.

கிறிஸ்தோபர் வில்லியம் விஜேகோன் கன்னங்கரா 1884 ஆம் ஆண்டு ஒக்டோபர் 13 ஆம் திகதி தென்மாகாணத்தில் அம்பலாங்கொடைக்கு அருகிலுள்ள ரந்தொம்பே கிராமத்தில் பிறந்தார். தந்தையார் நீதிமன்றம் சார்ந்த ஓர் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். பரம ஏழையுமல்ல, செல்வந்தருமல்ல என்று சொல்லக்கூடிய குடும்பம். ஊரிலிருந்த வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் சிறுவன் படித்தான். கெட்டிக்காரன். ஆனால் அக்காலத்தில் கெட்டித்தனம் ஓர் எல்லை வரைதான் ஒரு பிள்ளையைக் கொண்டுசெல்லும். தாய்மொழிப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. அங்கே படித்தவனுக்கு உத்தியோகமும் இல்லை. ஆங்கிலப் பாடசாலையில் உத்தியோகத்துக்கு வழி இருந்தது, கட்டணமும் இருந்தது. அந்தப் பாடசாலைகள் நகரங்களில் இருந்ததால், கிராமத்துப் பிள்ளைக்கு விடுதிச் செலவு வேறு. இலங்கையில் பிள்ளைகளை இரண்டு சாதியாகப் பிரித்த கோடு இதுதான்.

காலி றிச்மண்ட் கல்லூரியின் அதிபராக அப்போது இருந்தவர் வணக்கத்துக்குரிய ஜேம்ஸ் ஹொரஸ் டரல். இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி, கணிதத்தில் வல்லவர். அம்பலாங்கொடைப் பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்கு வந்த அவர், ஒரே பையன் திரும்பத் திரும்ப மேடைக்கு வந்து பரிசுகளை அள்ளிச் செல்வதைக் கண்டார். கண்டதோடு விடவில்லை. றிச்மண்டில் புலமைப்பரிசில் பரீட்சை எழுத அவனுக்கு வழி காட்டினார். பையன் தேறினான்.

அந்தப் புலமைப்பரிசில் எதைத் தந்தது என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அது பாடக் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்யவில்லை. விடுதியில் ஒரு கட்டிலையும் மூன்று வேளைச் சாப்பாட்டையும் சேர்த்துத் தந்தது. ரந்தொம்பேயிலிருந்து காலிக்குத் தினமும் போய்வர முடியாத ஒரு பிள்ளைக்குக் கட்டணத்தை மட்டும் மன்னித்திருந்தால் அந்த மன்னிப்பால் ஒரு பயனும் இருந்திராது. கட்டணம், கட்டில், சோறு, இவற்றுக்கெல்லாம் முன்னால் தன்னைக் கவனித்த ஒரு பெரியவரின் கண். இந்த நான்கும் ஒன்றாகக் கிடைத்தபடியால்தான் கன்னங்கரா என்ற மனிதர் உருவானார். பிற்காலத்தில் அவர் செய்தவற்றையெல்லாம் இந்த நான்கையும் நாடு முழுவதற்கும் பரப்ப அவர் எடுத்த முயற்சியாகவே நாம் பார்க்கிறோம்.

றிச்மண்டில் கணிதத்தில் சிறந்து விளங்கிய அவரை, படிப்பு முடிந்ததும் டரல் அங்கேயே கணித ஆசிரியராக அமர்த்திக்கொண்டார். 1906 இல் விடுதி மாணவர்களிடையே நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபொயிட், பரவியது. அதிபர் டரல் நோயுற்ற பிள்ளைகளைத் தாமே பராமரித்தார். அவருக்கும் அது தொற்றியது. நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் வருவதற்கு நெடுங்காலம் முந்திய நாட்கள் அவை. அவர் அந்த நோயிலேயே இறந்தார். இதே நோயை ஒரு வாரத்து மருந்தோடு குணமாக்கி வீட்டுக்கு அனுப்பும் நாம், இந்த இடத்தைக் கடக்கும்போது சற்று நிற்காமல் இருக்க முடிவதில்லை. தன்னைக் கண்டெடுத்த ஆசானை இழந்தபோது கன்னங்கராவுக்கு வயது இருபத்திரண்டு கூட நிரம்பியிருக்கவில்லை, அல்லது அப்போதுதான் நிரம்பியிருந்தது.

அவர் சட்டம் படிக்கக் கொழும்புக்குச் சென்றார். அதற்கு யாரும் புலமைப்பரிசில் தரவில்லை. மொறட்டுவை பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ் கல்லூரியிலும் கொழும்பு வெஸ்லிக் கல்லூரியிலும் படிப்பித்துக்கொண்டே சட்டக் கல்லூரியில் படித்தார். பகலில் ஒரு வேலையும் இரவில் ஒரு படிப்புமாகப் பல்கலைக்கழக நாட்களைக் கழித்த எமது தங்கைமாருக்கு இந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. 1910 இல் சட்டத்தரணியாகிக் காலியில் தொழில் தொடங்கினார். 1922 இல் ஈடித் வீரசூரிய அம்மையாரை மணந்தார். 1923 இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். 1930 இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவரானார்.

1931 இல் டொனமூர் அரசியலமைப்பு வந்தது. ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் என்ற பேதமின்றி இருபத்தொரு வயது நிரம்பியவர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. காலியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான கன்னங்கரா, இலங்கையின் முதலாவது கல்வி அமைச்சரானார். அதே அமைச்சர் சபையில், ஹட்டன் தொகுதியிலிருந்து தெரிவான பெரி. சுந்தரம் தொழில் அமைச்சராக அமர்ந்திருந்தார் என்பதை நாம் மறக்கக்கூடாது. மலையகத் தோட்டத்தில் பிறந்து, கண்டி திரித்துவக் கல்லூரியில் கற்று, கேம்பிரிஜ் வரை சென்ற தமிழர் அவர். ஒரே மேசையைச் சுற்றி, புலமைப்பரிசிலால் எழுந்த ஒரு தென்மாகாணத்துப் பையனும், தோட்டத்திலிருந்து எழுந்த ஒரு மலைநாட்டுப் பையனும் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் வாய்ப்பே கிடைக்காத பல்லாயிரம் பிள்ளைகள் இருந்தார்கள்.

கன்னங்கரா 1931 முதல் 1947 வரை பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து கல்வி அமைச்சராக இருந்தார். உலகப் பொருளாதார மந்தமும், 1934, 35 ஆம் ஆண்டுகளின் கொடிய மலேரியாவும், இரண்டாம் உலகப் போரும் இந்தக் காலத்துக்குள் அடங்கும். எந்த நிதியமைச்சைக் கேட்டாலும் பணமில்லை என்று சொல்லக்கூடிய காலம். 1939 இல் புதிய கல்விச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு அவர் தலைமையில் ஒரு விசேட கல்விக் குழு அமைக்கப்பட்டது. நாட்டின் கல்வி முழுவதையும் ஆராய்ந்து அது 1943 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியில் போதனை ஆகியவை அதில் முக்கியமானவை. நியாயமாகச் சொல்வதென்றால், இந்த யோசனை கன்னங்கரா ஒருவருடையது மட்டுமல்ல. குழுவில் இருந்த ஏ. ரத்நாயக்கவும் பல்கலைக்கழகம் வரை இலவசமாக இருக்க வேண்டும் என்பதற்காக உறுதியாக நின்றவர். ஆனால் அதை அரசாங்க சபைக்குக் கொண்டுபோய், எதிர்ப்பையெல்லாம் தாங்கி, சட்டமாக்கும் சுமை அமைச்சரின் தோளில் விழுந்தது.

எதிர்ப்பு சாதாரணமானதல்ல. கட்டணம் அறவிட்டு நல்ல பெயரெடுத்த பாடசாலைகளை நடத்தியவர்கள் தமது சுதந்திரம் போய்விடும் என்று அஞ்சினார்கள். இவ்வளவு செலவை நாடு தாங்காது என்று கணக்குப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எல்லோரும் படித்துவிட்டால் கூலி வேலைக்கு ஆள் எங்கே கிடைக்கும் என்று கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கு இந்தக் கடைசிக் கவலை புதிதல்ல. கொழுந்து பறிக்க ஆள் குறைந்துவிடும் என்ற பயம் எத்தனை பெண்பிள்ளைகளின் புத்தகத்தை மூடியிருக்கிறது என்பது லயத்துக்கு லயம் தெரியும். கன்னங்கரா பின்வாங்கவில்லை. நீண்ட விவாதங்களின் பின் திட்டம் நிறைவேறியது. 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

அதனோடு நின்றிருந்தால் நாம் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். கட்டணம் ஒன்று மட்டுமே தடை அல்ல என்பது தன் சொந்த வாழ்க்கையிலிருந்தே அவருக்குத் தெரியும். ஆகவே அதற்கு முன்பிருந்தே அவர் மத்திய பாடசாலைகளை அமைத்து வந்தார். நகரத்து மாணவனுக்குக் கிடைக்கும் விஞ்ஞானகூடமும் நூலகமும் விளையாட்டு மைதானமும் கிராமப்புறத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவற்றின் நோக்கம். ஐந்தாம் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்துத் தேறிய பிள்ளைகளுக்கு அங்கே இடமும், விடுதியும், சாப்பாடும் கொடுக்கப்பட்டன. அவர் பதவியை விட்டபோது இத்தகைய பாடசாலைகள் ஐம்பதுக்கு மேல் இருந்தன. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் பெயரைக் கேட்டாலே பிள்ளையைவிடத் தாய்க்குக் காய்ச்சல் வந்துவிடும் இந்தக் காலத்தில், அந்தப் பரீட்சை எதற்காகத் தொடங்கியது என்பதை நினைவூட்டுவது நல்லது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஒரு கட்டிலும் ஒரு தட்டுச் சோறும் தேடித் தருவதற்காகத் தொடங்கியது. றிச்மண்டில் தனக்குக் கிடைத்ததை அவர் ஆயிரம் பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1945 ஒக்டோபரில் பசறையிலோ, நமுனுகலையிலோ, மடுல்சீமையிலோ, பூனாகலையிலோ லயத்தில் இருந்த ஒரு பெண்பிள்ளைக்கு என்ன கிடைத்தது? உண்மையைச் சொன்னால், ஏறக்குறைய எதுவும் கிடைக்கவில்லை. தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு 1907 ஆம், 1920 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் ஒரு வழி செய்திருந்தன. அதன்படி பாடசாலையை நடத்துவது தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்புக்கும் ஒரே அறை. பெரும்பாலானவற்றில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. நாடு முழுவதும் கதவு திறந்தபோது, இந்தப் பாடசாலைகள் அந்தக் கட்டிடத்துக்குள் இருக்கவேயில்லை. தோட்டங்களில் அரசாங்கப் பாடசாலைகளை அமைக்க இடந்தரும் திருத்தம் 1947 இல் வந்தபோதும், மிகச் சில தோட்டங்களிலேயே அது நடந்தது.

அந்த 1947 ஆம் ஆண்டே கன்னங்கராவுக்கும் சோதனை ஆண்டு. முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் மத்துகமத் தொகுதியில் போட்டியிட்டு அவர் தோற்றார். நாட்டுக்கு இலவசக் கல்வி தந்தவரை வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே தேர்தலில் மலையகத் தமிழ் மக்கள் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. குரல் கொடுக்கக்கூடிய வாக்கே இல்லாதபோது பாடசாலையை யாரிடம் கேட்பது? பிரஜாவுரிமை இல்லாத பிள்ளை படித்தாலும் அரசாங்க உத்தியோகம் இல்லை என்றான பிறகு, எதற்குப் படிப்பு என்று ஒரு தகப்பன் நினைத்திருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. அதையொட்டித் தோட்டப் பாடசாலைகளும் சிறிது சிறிதாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதாவது கன்னங்கராவின் இலவசக் கல்வி கொழும்பிலிருந்து எமது லயத்து வாசலுக்கு வர முப்பது ஆண்டுக்கு மேல் எடுத்தது. எமது அம்மாமார் அந்த முப்பது ஆண்டுக்குள் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களில் பலர் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்கள். நாமோ அந்த முப்பது ஆண்டு முடிந்து சில காலத்துக்குள் பாடசாலைக்கு வந்தோம். ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையில் புத்தியில் ஒரு வித்தியாசமும் இல்லை. கதவு எப்போது திறந்தது என்பதே வித்தியாசம்.

கன்னங்கராவின் கடைசிக் காலத்தையும் சொல்லவேண்டும். தோல்விக்குப் பின் இந்தோனேசியாவில் இலங்கையின் பிரதிநிதியாகப் பணியாற்றினார். 1952 இல் மீண்டும் பாராளுமன்றம் வந்து உள்ளூராட்சி அமைச்சராக இருந்தார். கல்வி அமைச்சு மீண்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1956 இல் அரசியலிலிருந்து ஒதுங்கினார். சொத்துச் சேர்க்காத மனிதர். முதுமையில் அவருக்குப் பணநெருக்கடி வந்தது. 1963 இல் அரசாங்கம் அவருக்குப் பத்தாயிரம் ரூபா வழங்கியது. 1965 முதல் மாதம் ஐந்நூறு ரூபா உதவித்தொகை கொடுத்தது. ஒரு நாட்டின் பிள்ளைகள் அத்தனை பேரின் பாடசாலைக் கட்டணத்தையும் இல்லாமற் செய்தவர், தன் மருந்துச் செலவுக்கு உதவி பெற்றே வாழ்ந்தார். 1969 ஆம் ஆண்டு செப்டெம்பர் 23 ஆம் திகதி தமது எண்பத்து நான்காவது வயதில் காலமானார். எமது ஊவாத் தோட்டப் பாடசாலைகள் அவருடைய திட்டத்துக்குள் வருவதை அவர் பார்க்கவில்லை.

இவ்வளவையும் நாம் சொல்வது, அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு நகர்ந்து போவதற்காக அல்ல. இலவசக் கல்வி என்ற சொல்லை நாம் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக. இலவசமானது பாடம். பாடசாலைக்குப் போகும் பஸ் இலவசமல்ல. உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்குத் தமிழ்மொழி ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து பதுளைக்கோ பண்டாரவளைக்கோ வாரக் கடைசியில் போகும் ரியூஷன் வகுப்பு இலவசமல்ல. பல்கலைக்கழக ஊரில் தங்கும் அறை இலவசமல்ல. எமது அம்மாமார் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் சேர்ந்து போட்ட சீட்டு, தீபாவளி முற்பணம், அடகுக் கடைக்குப் போய்வந்த தோடு, லயத்துப் பின்புறத்துக் காய்கறிப் பாத்தி, ஐம்பது வயதானதும் வேலையை விட்டு எடுத்த சேமலாப நிதி, இவைதான் எம்மைப் படிக்கவைத்த திறைசேரி. 2021 இல்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவைத் தொட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், அதற்கு முந்திய காலத்தில் ஒரு மகளைப் பல்கலைக்கழகம் அனுப்பிய தாயின் கணக்குப் புத்தகம் எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும்.

எம்மோடு உயர்தரம் படித்த ஒருத்தி இருந்தாள். கலைப்பிரிவில் எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் செய்தாள். பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் வந்தது. அவளுடைய தகப்பனார் அந்த வருடம் நோயில் விழுந்திருந்தார். பதிவுக்குப் போகும் பயணச் செலவு, ஒரு மெத்தை, ஒரு பெட்டி, இரண்டு சோடி நல்ல உடுப்பு, முதல் மூன்று மாதச் சாப்பாட்டுக் காசு. புலமைப்பரிசிலின் முதல் தவணை கைக்கு வருமுன் தேவைப்பட்டது இவ்வளவே. அது இல்லாததால் அவள் போகவில்லை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவும் இல்லை. நாம் அறிந்தபோது அந்த வருடத்துப் பதிவு முடிந்துவிட்டது. அவளுக்குப் புத்தி குறையவில்லை, கட்டணமும் தடையாக இருக்கவில்லை. அவளைக் கவனித்த ஒரு டரல் இல்லை, அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு கிளினிக்கில் நோயாளர் வரிசையில் அவளைச் சந்தித்தோம். கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு, தன் மகள் கணக்கில் கெட்டிக்காரி என்று மகிழ்ந்து சொன்னாள். அன்று இரவு எமக்கு நித்திரை வரவில்லை.

ஆகவே, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மாருக்கும், படிக்கும் எமது தங்கைமாருக்கும், நாம் கண்ட சிலவற்றை இங்கே எழுதிவைக்கிறோம். முதலாவது, செலவு மூன்று இடங்களில் வருகிறது. சாதாரண தரத்தின் பின் உயர்தர இரண்டு வருடம் ஒன்று. பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை காத்திருக்கும் காலம் மற்றொன்று. பல்கலைக்கழகத்தின் முதல் மூன்று, நான்கு மாதம் இன்னொன்று. பல வீடுகளில் முதலாவதிலேயே சேமிப்பு முழுவதும் தீர்ந்துவிடுகிறது. ஒரு சிறு பங்கையேனும் பிள்ளையின் பெயரில் வங்கியில் போட்டு, மூன்றாவதற்கென்று தொடாமல் வைத்திருங்கள். காத்திருக்கும் காலத்தில் பிள்ளை ஒரு கணினி வகுப்போ ஆங்கிலமோ படிக்கலாம், ஒரு வேலையும் செய்யலாம். ஆனால் அந்த வேலையின் சம்பளத்துக்கு வீடு பழகிவிட்டால் பிள்ளையைத் திரும்பப் படிப்புக்கு அனுப்புவது கடினம்.

இரண்டாவது, உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் ஒரு பகுதி திறமைக்கும், பெரும்பகுதி மாவட்ட அடிப்படைக்கும், இன்னொரு சிறு பகுதி பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. பதுளை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் தளர்ந்து விண்ணப்பத்தை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள். மகாபொல, நிதியுதவிப் புலமைப்பரிசில் விண்ணப்பங்களுக்குக் குடும்ப வருமானச் சான்றிதழ் தேவை. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் அலைய நாட்கள் ஆகும். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் பிறப்புச் சான்றிதழைத் திருத்த மாதங்கள் ஆகும். தோட்டத்து வீடுகளில் இந்தப் பெயர்ப் பிழை மிகச் சாதாரணம். சாதாரண தரத்துக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2005 முதல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள பாடநெறிகள் பிள்ளையின் விருப்பத்துக்குப் பொருந்துமானால் விண்ணப்பத்தில் அதையும் யோசியுங்கள். வீட்டிலிருந்து அல்லது உறவினர் வீட்டிலிருந்து போய்வந்தால் அறை வாடகை மிஞ்சும். மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என்று நினைக்க வேண்டாம். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயின்று வந்த ஆசிரியர்கள் மலையகத்தின் எத்தனை வகுப்பறைகளில் வெளிச்சம் ஏற்றியிருக்கிறார்கள் என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள்.

மூன்றாவது, வெட்கப்படாமல் கேளுங்கள். இதை எழுதும் எம்மில் ஒருத்தியும் கேட்காமல் படித்தவள் இல்லை. ஒரு ஆசிரியை தன் வீட்டில் தங்கவைத்தார். ஒரு கடைக்காரர் பயிற்சிப் புத்தகங்களைக் கடனுக்குத் தந்தார். மூத்த மாணவி ஒருத்தி தன் வெள்ளைக் கோட்டையும் எலும்புப் பெட்டியையும் எமக்கு விட்டுச்சென்றார். அந்தக் கோட்டு அதன்பிறகு மூன்று பேரின் தோளில் ஏறியது.

கடைசியாக, உலகெங்கும் வாழும் எமது பழைய மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு விழாவுக்கு மண்டபம் கட்டலாம், வளைவு கட்டலாம், அவையும் வேண்டியவையே. ஆனால் ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பெறுபேறு வந்த வாரத்தில், எமது பாடசாலையிலிருந்து அனுமதி பெறக்கூடிய பிள்ளைகளின் பெயரை அதிபரிடம் கேட்டு வாங்கி, வீடு வீடாகப் போய் விசாரிக்க நம்மில் இருவர் இருந்தால் போதும். ஒவ்வொரு வருடத்து மாணவியர் குழுவும் ஒரு பிள்ளையின் முதல் நான்கு மாதச் செலவை ஏற்றுக்கொள்ளலாம். பாடத்துக்கு அரசாங்கம் செலவழிக்கிறது. கட்டிலுக்கும் சோற்றுக்கும் நாம் செலவழிப்போம். அதைவிட முக்கியமாக, அந்தப் பிள்ளையைக் கவனிப்போம்.

ரந்தொம்பே கிராமத்துப் பையனை ஒரு பரிசளிப்பு விழாவில் ஒருவர் கவனித்ததால் ஒரு நாட்டின் பிள்ளைகள் படித்தார்கள். எமது பாடசாலையின் அடுத்த பரிசளிப்பு விழாவிலும் ஒரு பெண்பிள்ளை திரும்பத் திரும்ப மேடைக்கு வருவாள். அவளுடைய சப்பாத்தையும் ஒருமுறை பாருங்கள். விழா முடிந்ததும் அவள் எந்தப் பஸ்ஸில் எந்தத் தோட்டத்துக்குப் போகிறாள் என்று கேட்டு வையுங்கள்.